ஆள் உள்ளே, கதவு மூடாது

நெட்டையன் செத்த அன்று கம்பெனிக்கு அவன் கொடுக்கவேண்டியிருந்த பாக்கி முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. கூரை ஒழுகுகிறதென்று வாங்கிய முன்பணம். கூரைக்குப் போகும் முன்பே அது மகளின் காய்ச்சலுக்குப் போய்விட்டது. கூரை இன்றைக்கும் ஒழுகுகிறது. ஆள் போனபிறகும் பாக்கி போகவில்லை. அவன் பெண்டாட்டியின் கூலியில் வந்து உட்கார்ந்துகொண்டது.

மீன் கிடங்கின் குளிர் அறைக்குள் அவன் இருக்கும்போதே கதவு பூட்டிக்கொண்டு, உறைந்து செத்தான். கதவை இயக்குகிற கன்சோல் அறையில் சொல்லிவிட்டு உள்ளே போயிருந்தால் தப்பு கம்பெனியுடையது. நஷ்டஈடு வரும், பாக்கியும் தள்ளுபடி. சொல்லாமல் போயிருந்தால் தப்பு அவனுடையது. கம்ப்யூட்டரில் பார்த்தார்கள். அவன் உள்ளே போனதாக அதில் ஒன்றுமில்லை.

"பதிவே இல்லம்மா," என்றார் மேனேஜர், அப்படி ஒருவன் பிறக்கவே இல்லை என்பதுபோல.

கூடக் குடித்தனம் செய்தவளுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. ரெண்டு தரம் சொல்லிக்கொள்ளாமல் கக்கூசுக்குக்கூடப் போகாத மனிதன் அவன். 'நான் போறேன், நான் போறேன்' என்று வீட்டையே எழுப்பிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவான். அப்படிப்பட்டவனா வாயைத் திறக்காமல் பனிக்குள் போயிருப்பான்?

அவள் அதே கிடங்கில் மீன்பெட்டி கட்டுகிறவள். கல்யாணத்துக்குப் பிறகு, வேலை முடிந்த சாயங்காலங்களில் உட்கார்ந்து எழுத்துப் படித்தவள். தமிழும் வரும், இங்கிலீஷ் எழுத்தும் கூட்டிப் படிக்க வரும். நெட்டையன் போன பிறகு கன்சோல் அறையில் உட்கார ஆள் கிடைக்கவில்லை. வந்தவர்கள் ஒரு வாரம் தாங்கவில்லை. பழைய ஆபரேட்டரும் மாடி ஆபீசுக்கு மாற்றிவிடுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். மேனேஜர் இவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பயப்படாத ஆளா ஒருத்தர் வேணும்மா. உங்க வீட்டுக்காரரைப் பாத்து நீங்களே பயப்படுவீங்களா என்ன?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"உயிரோட இருந்தப்பவே பயப்படலை சார்," என்றாள். அவள் சிரிக்கவில்லை.

ஒத்துக்கொண்டது கூலிக்காக இல்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் அன்றைக்கு என்ன நடந்தது என்று தெரியும்.

கன்சோல் அறை ஒரு அலமாரியைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன். எதிரே கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குளிர் அறையின் கதவு, ஒரு ஆள் முழங்கை நீளத்துக்குக் கனம். வெளியே காலை வெயில் காய்ந்துகொண்டிருந்தாலும் இந்த இடத்துக்குப் பகல் என்று ஒன்று கிடையாது. குழல்விளக்கு மட்டும் முனகிக்கொண்டு எரியும். சுவருக்குள் எங்கேயோ கம்ப்ரசர் மூச்சு வாங்கிக்கொண்டே இருக்கும். கண்ணாடியில் எப்போதும் ஈரப்புகை. ஈர அட்டைப்பெட்டி வாடை, மீன் வாடை.

அதற்கு அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. மெல்லிசாக. குளிர் அறைக்குப் போகும்முன் நெட்டையன் நெஞ்சில் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாடை.

யாரோ தலைவலிக்குப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆபரேட்டர் நின்றபடியே சொல்லிக்கொடுத்தார். அந்த நாற்காலியில் அவர் உட்காரவில்லை.

"இதான் கறுப்பு ஜன்னல். இதுல அடிச்சாத்தான் எதுவும் நடக்கும். ஒவ்வொரு ஜன்னலும் கொஞ்சம் சேதியை மடியில முடிஞ்சு வச்சிருக்கும்னு வச்சுக்கங்க. யார் உக்காந்திருக்காங்க, எந்த ஃபோல்டர் வீடு, எந்த வேலையை எங்க போய்த் தேடணும், எல்லாம். என்விரான்மென்ட் வேரியபிள்னு சொல்லுவாங்க. பேரைக் கேட்டு மிரண்டுடாதீங்க, ஒரு பேரு, ஒரு சமக்குறி, ஒரு மதிப்பு, அவ்வளவுதான். env-னு அடிச்சா மடியை உதறிக் காட்டும்."

அடித்துக் காட்டினார். வரிசையாக வரிகள் ஓடி நின்றன.

"ஆள் உள்ள போனா export ULLE=1. வெளிய வந்தா unset ULLE. கதவை மூட KADHAVU. அந்தக் கதவு வேலை ஓடினதும் முதல்ல ULLE-ஐத்தான் பாக்கும். ஒண்ணுன்னு இருந்தா மூடாது. காலின்னா மூடிப் பூட்டிட்டுக் காத்தாடியை முழு வேகத்துல விட்டுடும்."

"உள்ளேருந்து திறக்க முடியாதாண்ணே?"

"கைப்பிடி இருக்கு. பனியில இறுகிக் கெடக்கு. சொல்லியிருக்கோம்." அவர் கண்ணாடியைப் பார்க்காமல் சொன்னார். "எல்லாத்தையும் மறந்தாலும் அந்த export-ஐ மட்டும் மறந்துடாதீங்கம்மா."

"மறந்தா?"

ஆபரேட்டர் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"மறக்காதீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு மாடி ஏறினார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். தனக்கென்று புதிதாக ஒரு கறுப்பு ஜன்னல் திறந்து, ஒரு விரலால் தேடித்தேடி env என்று அடித்தாள். மடியில் உள்ளது உதிர்ந்தது. கடைசி வரியை எழுத்துக்கூட்டினாள்.

ULLE=1

அவள் இன்னும் எதையும் அடிக்கவில்லை. உள்ளே யாரும் போகவும் இல்லை.

பெட்டி இறக்குகிற கொக்கியைக் கூப்பிட்டாள். இரும்புக் கொக்கியும் கையுமாகவே திரிவதால் அவனுக்கு அந்தப் பெயர். நெட்டையனுக்குத் தோழன், இவளை அண்ணி என்று முறை வைத்துக் கூப்பிடுவான். உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கிக்கொண்டு வந்தான்.

"ஒருத்தருமில்ல அண்ணி. மீனைத்தான் ஆளுன்னு எண்ணிருக்கும். அப்படின்னா அதுங்களுக்கும் கூலி போடச் சொல்லுங்க. எங்களைவிட ஒழுங்கா வரிசையில நிக்குது."

"தைல வாடை அடிச்சுதா?"

கொக்கியின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. "நான் ஒண்ணும் பாக்கலை அண்ணி," என்றான். வாடையைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் அது இல்லை.

அவள் unset ULLE என்று அடித்தாள். பட்டியல் போட்டுப் பார்த்தாள். போய்விட்டிருந்தது. KADHAVU அடித்தாள்.

ஆள் உள்ளே. கதவு மூடாது.

மறுபடி பட்டியல் போட்டாள். ULLE=1. போன இடம் தெரியாமல் போனது, வந்த சுவடு தெரியாமல் வந்து உட்கார்ந்திருந்தது.

மத்தியானத்துக்குள் ஆபரேட்டர் மூன்று தரம் கீழே வந்துபோனார். ஜன்னல் திறக்கும்போது தானாக ஓடுகிற கோப்புகளையெல்லாம் பிரித்து மேய்ந்தார். எதிலும் ULLE இல்லை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். எழுந்து வந்த கம்ப்யூட்டர் முதல் வேலையாக ஆள் உள்ளே என்றது. கதவு திறந்தே கிடந்தது. பெட்டிகளின் ஓரத்தில் பனி வியர்க்க ஆரம்பித்தது. மாடியிலிருந்து மேனேஜரின் குரல் போனுக்கே தேவையில்லாத அளவுக்குக் கேட்டது.

"மீன் உருகினா யார் தலையில கட்டுறது? உன் பாக்கியில சேத்துக்கவா?"

ஆபரேட்டருக்கும் பாக்கி இருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்ற நேரத்தில், சற்றுமுன் அடித்த வரியைத் திரும்பக் கொண்டுவர அவள் மேல் அம்புக்குறியை அழுத்தினாள். முன்பு அடித்தவை ஒவ்வொன்றாகத் திரும்பி வரும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்.

KADHAVU என்று வந்தது. சரி, அவள் அடித்ததுதான்.

இன்னொரு தரம் அழுத்தினாள். echo $ULLE என்று வந்தது, ULLE-இன் மதிப்பைக் கேட்கிற வரி. அது அவள் அடித்தது இல்லை.

இன்னொரு தரம்.

ULLE=1

வரியின் முன்னால் ஒன்றும் இல்லை. அந்த export இல்லை.

தைல வாடை மூக்குக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது.

"அண்ணே," என்றாள். "export போடாம வெறுமனே இதை அடிச்சா என்ன ஆகும்?"

ஆபரேட்டர் திரையைப் பார்த்தார். பார்த்தவர் சுவரோடு சாய்ந்துகொண்டார்.

அவளே செய்து பார்த்தாள். unset போட்டுக் காலி செய்தாள். வெறும் ULLE=1 என்று அடித்தாள். எக்கோ போட்டுக் கேட்டாள். ஜன்னல் ஒன்று என்றது. env அடித்து மடியை உதறச் சொன்னாள். அதில் ULLE இல்லை. அந்த ஒரு தரம் மட்டும் பட்டியல் சுத்தமாக இருந்தது, பார்த்துக்கொள் என்று யாரோ கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டதுபோல.

ஜன்னலுக்குத் தெரியும். ஜன்னல் கூப்பிடுகிற கதவுக்குத் தெரியாது. export போட்டால்தான் தன்னிடமிருந்து கிளம்புகிற வேலைக்கும் ஒரு பங்கு கொடுத்தனுப்பும். போடாவிட்டால் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, கேட்டால் மட்டும் ஆமாம் என்று தலையாட்டும்.

"அவரு சொல்லிட்டுத்தானே போனாரு?" என்றாள்.

ஆபரேட்டர் தலையாட்டினார். "ரெண்டு தரம் சொன்னாரும்மா. 'நான் போறேன், நான் போறேன்'னு. நான் ரெண்டு ஷிஃப்ட்டு தொடர்ந்து பாத்து அரைத் தூக்கத்துல இருந்தேன். வெறுமனே அடிச்சுட்டேன். ஆனா சரிபாத்தேன்மா. எக்கோ போட்டுப் பாத்தேன். ஒண்ணுன்னுதான் காட்டுச்சு. ஒண்ணுன்னு காட்டினப்புறம் நான் எதுக்குச் சந்தேகப்படப்போறேன்? அவரு உள்ள இருக்கறது அதுக்குத் தெரியும், மூடாதுன்னு நெனச்சு, கைப்பழக்கத்துல KADHAVU-வையும் ஓட்டிட்டுத் தலையைச் சாச்சுட்டேன்."

"அப்புறம்?"

"மேனேஜர் வந்து கம்ப்யூட்டரை அணைச்சுப் போடச் சொன்னாரு. அடிச்ச வரியெல்லாம் அழிக்கச் சொன்னாரு. எம் பாக்கியைப் பத்தியும் சொன்னாரு." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அழிச்சேன்மா. நெசமாவே அழிச்சேன். அது எப்படி வந்துதுன்னு எனக்குத் தெரியலை."

அதற்குமேல் அந்த அறையில் நிற்க அவரால் முடியவில்லை. மேனேஜரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஏறிப் போனார்.

அவள் எழுந்து குளிர் அறைக்குப் போனாள். சொல்லிவிட்டுப் போக ஆளில்லை. எதையும் அடித்துவிட்டும் போகவில்லை. அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்பதுதான் அப்போது மனசில் இருந்தது.

உள்ளே விளக்கு ஒன்றுவிட்டு ஒன்று எரிந்தது. பெட்டி அடுக்குகளுக்கு நடுவே சந்துபோல வழி. மூச்சு விட்டால் வாய்க்கு முன்னால் புகை நின்றது. கதவின் உள்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். பனி படிந்த தகட்டில் உள்ளங்கைத் தடங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக, அவள் கை எட்டாத உயரத்தில். அவன் போய் இத்தனை நாளாயிற்று. இதற்குள் எத்தனையோ தரம் பனி படிந்து, உருகி, மறுபடி படிந்திருக்கும்.

தடங்கள் புதிதாக இருந்தன.

"என்னங்க," என்று மெதுவாகக் கூப்பிட்டாள். "நீங்க சொல்லிட்டுத்தான் போனீங்க. எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

அவள் மூச்சுப்புகை அவள் முகத்துக்கு நேரே கரைந்தது.

அதற்கு மேலே, ஒரு முழம் உயரத்தில், இன்னொரு மூச்சு புகைந்தது.

அவள் நகரவில்லை. நகர முடியவில்லை. தைல வாடை கண்ணை எரித்தது.

அப்போது காத்தாடிகள் உறுமின.

விளக்குகள் அணைந்தன.

கதவு நகர ஆரம்பித்தது.

கத்தினாள். காத்தாடியின் இரைச்சல் அவள் சத்தத்தை விழுங்கிக்கொண்டது. வெளிச்சம் ஒரு கதவகலத்திலிருந்து ஒரு கையகலமாகச் சுருங்கிக்கொண்டே வந்தது. ஓடினாள், தரைப்பனியில் கால் வழுக்கி முட்டி இடிபட விழுந்தாள். வெளிச்சம் இப்போது ஒரு கோடு. இப்படித்தான், இதே தரையில்தான், அவனும்.

டப்.

கதவுக்கு மேல்பக்கத்தில் ஒரு உள்ளங்கை தகட்டில் அறைந்த சத்தம்.

கதவு நின்றது. காத்தாடியும் நின்றது. ஒரு ஆள் ஒருக்களித்து நுழையும் அளவு மட்டும் இடைவெளி இருந்தது. அதற்குள் உடம்பைத் திணித்து அவள் வெளியே வந்து விழுந்தாள்.

கன்சோல் அறையில் ஆபரேட்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

"மேனேஜர் போன்ல கத்தினாரும்மா, ULLE-ஐ எடுத்துட்டு மூடுன்னு. நீங்க சாப்பிடப் போயிருப்பீங்கன்னு நெனச்சேன். எடுத்தேன். காலின்னு பாத்துட்டுத்தான்மா ஓட்டினேன். இந்தத் தடவையும் பாத்துட்டுத்தான்..."

திரையில் இருந்தது: ஆள் உள்ளே. கதவு மூடாது.

அன்று மாலை மேனேஜர் அவளை உட்காரச் சொன்னார். கம்பெனியில் சேர்ந்ததிலிருந்து அவள் முன்னால் போடப்பட்ட முதல் நாற்காலி அது. எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டுவிட்டு மேசைமேல் இருந்த பேனாவை நேராக வைத்தார்.

"சரி, யாருகிட்டப் போய்ச் சொல்லுவீங்க? செத்தவர் வந்து ஸ்கிரீன்ல அடிச்சுக் காட்டினாருன்னா? ஆபரேட்டர் சாட்சி சொல்வாருன்னு நினைக்கிறீங்களா? கேட்டுப் பாருங்க."

அவள் கேட்கவில்லை. வாசலில் நின்றிருந்த ஆபரேட்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கெட்டவன் இல்லம்மா. அந்தப் பாக்கியை இன்னையோட தள்ளிடறேன். முப்பத்தெட்டாயிரத்து அறுநூத்து நாப்பதும். இனிமே உங்க கூலி முழுசா உங்களுக்கு. அவர் சொல்லாமத்தான் உள்ள போனாருன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்." கொஞ்சம் நிறுத்தினார். "அப்புறம் அந்தக் கதவு. அந்த ULLE-ஐ நீங்க எடுத்தா அது போகும்னு எனக்குத் தோணுது."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வாய்க்கு முன்னால் வீடு வந்து நின்றது. கூரை ஒழுகும் இடத்தில் வைத்த பாத்திரம், அதன் பக்கத்தில் சுருண்டு தூங்குகிற மகள், கடைக்காரரின் முகம். உயிரோடிருப்பவர்கள் தின்றாக வேண்டும். இதை யோசித்தபோது தன்மேலேயே அவளுக்குக் காறித் துப்பவேண்டும்போல இருந்தது.

தாமதமாகப் படித்த எழுத்து. ஒவ்வொரு எழுத்தாக வரைந்து கையெழுத்துப் போட்டாள். இதற்குத்தானா அத்தனை சாயங்காலம் விழுந்துவிழுந்து படித்தாய் என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டது.

கீழே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பின்னால் மேனேஜரும் ஆபரேட்டரும். unset ULLE என்று அடித்தாள். விரல் என்டர் பொத்தானின் மேல் நின்றது.

"போதும்ங்க," என்றாள், உதடு அசையாமல். "நம்ம பொண்ணுக்காக."

அழுத்தினாள். பட்டியல் போட்டாள். இல்லை. புது ஜன்னல் திறந்து அதிலும் பார்த்தாள். இல்லை. KADHAVU.

கதவு முழுசாக மூடியது. பூட்டு விழுந்தது. காத்தாடி உறுமியது.

டப்.

டப். டப். டப்.

"பெட்டி சரியுது," என்றார் மேனேஜர்.

"ஆமா சார்," என்றார் ஆபரேட்டர்.

அவன் சொல்லவே இல்லை என்று அவளே எழுதிக் கொடுத்துவிட்டாள். உள்ளே போகிறேன் என்று சொல்லாதவனை இனி யார் வெளியே விடுவார்கள்?

மாதக் கடைசியில் கூலிச்சீட்டு வந்தது. பாக்கி என்ற இடத்தில் சைபர். இரண்டு தரம் படித்தாள், மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வேலை தொடங்கவேண்டும். புதிதாக ஒரு கறுப்பு ஜன்னல் திறந்து, வழக்கம்போல env அடித்தாள்.

ULLE இல்லை. அந்த மாதம் முழுக்க வரவில்லை.

அது இருந்த இடத்தில் வேறொரு பெயர் இருந்தது. கதவு வேலைக்கு அப்படி ஒரு பெயர் தெரியாது. யாரும் வைத்ததில்லை. அவள் எழுத்துக்கூட்டினாள்.

THIRA=

திற. சமக்குறிக்குப் பின்னால் காலி. மதிப்பு இன்னும் போடவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பூட்டிய கதவின் மேல்பக்கத்தில், உள்ளங்கை ஒரே ஒரு தரம் தட்டிவிட்டு நின்றது. தைல வாடை அவள் தோளுக்குப் பின்னால் வந்து, அவள் அடிக்கப்போவதைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது.